இடி இடிக்கும்போது நாயைக் கொஞ்சினால் பயம் கூடுமா?

பொங்கோல் தம்பி | 14 ஜூலை 2025, மாலை 6.20

எங்கள் மிலோவுக்கு மூன்று வயது, சில்கி டெரியர். இடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வான். உடம்பெல்லாம் நடுங்கும், ஒரு மணி நேரம் ஆனாலும் வெளியே வர மாட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுப்பேன். அப்பா திட்டுகிறார். கொஞ்சினால் பயப்படுவது சரிதான் என்று நாய் நினைத்துக்கொள்ளுமாம், கண்டுகொள்ளாமல் விட்டால் தானாகச் சரியாகுமாம். கூடவே, "நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்றும் ஒரு கேள்வி. யார் சொல்வது சரி?

யீஷூன் அக்கா | 14 ஜூலை 2025, இரவு 10.45

நீங்கள் செய்வதுதான் சரி, தம்பி. தடவிக் கொடுங்கள்.

உட்கார், படு, கை கொடு என்பதெல்லாம் நாய் செய்யும் செயல்கள். பிஸ்கட் கொடுத்தால் திரும்பச் செய்யும். பயம் அப்படி இல்லை. அது வந்து பிடித்துக்கொள்வது. நமக்கு நெஞ்சு படபடக்கும்போது அம்மா வந்து தோளைப் பிடித்துக்கொண்டால், அடுத்த முறை இன்னும் அதிகமாகப் பயப்படலாம் என்றா நினைப்போம்?

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அவன் உங்களிடம் வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள். கட்டிலுக்கு அடியில்தான் இருப்பேன் என்றால் இழுத்து மடியில் வைக்காதீர்கள். அது அவன் தேடிக்கொண்ட இடம். நீங்கள் தரையில் பக்கத்தில் படுத்துக்கொண்டாலே போதும்.

யீஷூன் அக்கா | 15 ஜூலை 2025, காலை 7.10

நேற்று அவசரத்தில் எழுதினேன். எந்த அனுபவத்தை வைத்துப் பேசுகிறேன் என்று சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது சுக்கு. காய்ந்த சுக்கின் நிறம், அதனால் அந்தப் பெயர். சுங்கை காடுட்டில் ஒரு மரக்கிடங்குப் பக்கம் பிறந்து வளர்ந்த சிங்கப்பூர் ஸ்பெஷல், அதாவது இங்கத்துக் கலப்பினத் தெரு நாய். 2019இல் ஒரு வயது இருக்கும்போது, கலப்பின நாய்களை வீவக எனும் அரசு அடுக்குமாடி வீடுகளில் வளர்க்க அனுமதிக்கும் அடோர் திட்டத்தில் தத்தெடுத்தோம்.

நாய்க்குட்டிக்கு உலகம் பழகும் காலம் என்று ஒன்று உண்டு. பிறந்து மூன்றாவது வாரம் தொடங்கி ஏறக்குறைய பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை. அந்த நாட்களில் பயமில்லாமல் பார்த்ததும் கேட்டதும் பிறகும் சாதாரணமாகத் தெரியும். சுக்கு அந்த வயதில் லாரிகளையும் மரம் அறுக்கும் இயந்திரத்தையும் பார்த்து வளர்ந்தவள். இன்றைக்கும் பக்கத்தில் லாரி ஹாரன் அடித்தால் காதைக்கூட அசைக்க மாட்டாள். ஆனால் லிஃப்ட் கதவு, குடை விரியும் சத்தம், பிரஷர் குக்கர் விசில், இதெல்லாம் அவளுக்குப் பேய். வந்த முதல் வாரம் முழுக்க வாஷிங் மெஷினுக்குப் பின்னால்தான் இருந்தாள். தட்டை அங்கே தள்ளி வைத்துவிட்டு நான் கூடத்துக்குப் போன பிறகுதான் சாப்பிடுவாள்.

உங்கள் மிலோ குட்டியாக எங்கே இருந்தான் என்று விசாரித்துப் பாருங்கள். கடையில் ஒரு கூண்டிலேயே அந்த வாரங்கள் போயிருந்தால் காரணத்தில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

யீஷூன் அக்கா | 19 ஜூலை 2025, மதியம் 1.05

பயம் எப்படித் தெரியும் என்று கீழே ஒருவர் கேட்டிருந்தார். நடுங்கினால் எல்லாருக்கும் தெரியும். அதற்கு வெகு முன்னாலேயே வரும் குறிகளைத்தான் நான் பல மாதம் தவறவிட்டேன்.

சுக்கு கொட்டாவி விடுவாள். தூக்கம் என்று நினைத்தேன். சாப்பாடே இல்லாத நேரத்தில் உதட்டை நக்குவாள். பசி என்று நினைத்தேன். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாகச் சுழற்றுவாள், விழியின் வெள்ளை பிறைபோலத் தெரியும். முன்னங்கால் ஒன்றை லேசாகத் தூக்கி வைத்துக்கொள்வாள். இதெல்லாம் "எனக்குச் சங்கடமாக இருக்கிறது" என்று அவள் சொன்னது. வால் கால் இடுக்குக்குள் போவதும் மூச்சிரைப்பதும் அதற்கப்புறம்தான்.

ஒரு மழை நாளில் சமையலறை டைல்ஸில் பூப்பூவாக ஈரத் தடம் கிடந்தது. ஜன்னல் வழியாகச் சாரல் அடிக்கிறதோ என்று துணியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். நான்கு விரலும் நடுவில் ஒரு திண்டும் தெளிவாகப் பதிந்திருந்தன. கூடத்திலிருந்து குளியலறை வரை அவளுடைய பாதம். நாய்க்கு வியர்ப்பது பாதத்தில்தான். அவ்வளவு பயந்து வியர்த்து, ஒரு சத்தமும் போடாமல் நடந்து போயிருக்கிறாள். அந்தத் தடத்தைத் துடைக்க மனசு வரவில்லை. அன்றைக்குத்தான் இதை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன்.

யீஷூன் அக்கா | 27 ஜூலை 2025, இரவு 9.30

தேசிய தின ஒத்திகைக்குப் போர் விமானங்கள் பறக்கும் மாதம் இது. நேற்று எல்லாருக்கும் கஷ்டமாக இருந்திருக்கும்.

நம் காதுக்கு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு 45,000 வரை கேட்கும். நமக்கு எட்டாத மெல்லிய சத்தமும் அதற்கு எட்டும். சத்தத்துக்குப் பயப்படுவது உங்கள் நாய் மட்டும்தானோ என்று வருந்தாதீர்கள். பின்லாந்தில் 13,700 நாய்களை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஆய்வில், பதற்றம் சார்ந்த குணங்களிலேயே அதிகம் காணப்பட்டது இதுதான். 32 சதவீத நாய்களுக்கு இருந்தது.

இன்னொன்று. பயம் ஒரு சத்தத்தோடு நிற்காது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நாய்க்கும் பொருந்தும். முதலில் இடி. பிறகு இடிக்கு முன் வரும் மழை. மழைக்கு முன் வரும் காற்று. கடைசியில் எங்கள் வீட்டில் அது மூங்கில் கம்பில் வந்து நின்றது.

எங்களுடையது பழைய புளோக். சமையலறை ஜன்னலுக்கு வெளியே குழாய்களில் மூங்கில் கம்பைச் செருகித்தான் துணி காயப் போடுவோம். வானம் கறுத்தால் ஓடிப் போய்க் கம்புகளை உருவி உள்ளே இழுப்பேன். மூங்கில் இரும்பில் உரசும் அந்தக் 'கிர்ர்ர்' சத்தம் இருக்கிறதே, அது கேட்ட உடனே சுக்கு குளியலறைக்குப் போய்விடுவாள். வெளியே இன்னும் ஒரு துளி விழுந்திருக்காது. இடி வரப்போவதாக அவளுக்கு அறிவிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தது நான்தான்.

அதனால் நல்ல வெயில் நாளில் காலை பத்து மணிக்குச் சும்மா கம்பை ஒரு சாண் இழுப்பேன், உடனே வேகவைத்த கோழி ஒரு துண்டு போடுவேன். கம்பைத் திரும்பத் தள்ளிவிடுவேன். ஒரு நாளைக்கு நான்கைந்து முறை, அவ்வளவுதான். எதிர் புளோக்கில் இருப்பவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. ஏழு வாரம் ஆனது. ஏழாவது வாரத்தில் கம்பு உரசினால் அவள் என் கையைப் பார்த்தாள்.

யீஷூன் அக்கா | 3 ஆகஸ்ட் 2025, காலை 11.20

"இடி நேரத்திலும் கோழி கொடுக்கலாமா, எப்போது கொடுப்பது?" என்று தம்பி கேட்கிறார். கொடுக்கலாம், ஆனால் வரிசை முக்கியம். நான் இதில் தவறிவிட்டேன், நீங்கள் தவற வேண்டாம்.

முதலில் இடி, உடனே கோழி. ஒவ்வொரு இடிக்கும். நான் தொடக்கத்தில் என்ன செய்தேன் என்றால், வானம் இருட்டியதும் இவள் பயப்படுவதற்கு முன்பே கொடுத்து வைப்போம் என்று குளிர்பெட்டியைத் திறந்துவிடுவேன். கோழி வந்தால் இடி வரும் என்று அவள் படித்துக்கொண்டாள். பாவ்லோவின் நாய்க்கு மணி எப்படி உணவை அறிவித்ததோ, அப்படி என் வீட்டுக் கோழி இடியை அறிவித்தது. குளிர்பெட்டிக் கதவைக் கண்டே ஓடினாள். அதை மாற்ற இரண்டு மாதம் பிடித்தது.

சுவிட்சர்லாந்தில் ஸ்டெஃபனி ரீமர் என்ற ஆய்வாளர், வாணவேடிக்கைக்குப் பயப்படும் நாய்களை வளர்ப்போர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் என்ன செய்து பார்த்தீர்கள், எது பலித்தது என்று கேட்டு 2020இல் வெளியிட்டார். சத்தம் வந்ததும் தின்பண்டமோ விளையாட்டோ கொடுத்தவர்களில் 70 சதவீதத்துக்கு மேல் பலன் இருந்தது என்றார்கள். வளர்ப்பவர்கள் தாங்களே சொன்ன கணக்குதான், ஆனாலும் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

வாங்க மறுத்தால் கட்டாயப்படுத்தாதீர்கள். பயம் ஒரு எல்லையைத் தாண்டினால் நாய் சாப்பிடாது. மூக்கருகே கோழி இருந்தும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் அன்றைக்குப் பாடம் வேண்டாம். துணை மட்டும் போதும்.

யீஷூன் அக்கா | 5 ஆகஸ்ட் 2025, இரவு 8.15

இடிச் சத்தத்தைக் கைப்பேசியில் போட்டுப் பழக்கலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். செய்யலாம், ஆனால் நான் செய்ததுபோல் வேண்டாம். பழகட்டும் என்று முதல் நாளே ஒலியை முழுதாக வைத்தேன். அன்று இரவு அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

காதில் விழுகிறதா என்றே சந்தேகமாக இருக்கும் அளவில் ஆரம்பிக்க வேண்டும். நாய் படுத்தபடியே இருந்தால் அடுத்த நாள் கடுகளவு கூட்டலாம். எழுந்து உட்கார்ந்தாலே கூட்டியது அதிகம், குறைத்துவிடுங்கள். அப்புறம், கைப்பேசி ஒலிபெருக்கியில் இடியின் கனத்த உறுமல் வராது. அங்கே தேறிய நாய் நிஜ இடிக்கு நடுங்கினால் ஏமாற வேண்டாம்.

யீஷூன் அக்கா | 10 ஆகஸ்ட் 2025, காலை 9.00

நேற்று தேசிய தின இரவு எப்படிப் போனது? எங்கள் வீட்டில் பரவாயில்லை.

மாலை ஐந்துக்கே வெளியே கூட்டிப்போய் வந்துவிட்டேன். ஆறிலிருந்து ஜன்னல், திரைச்சீலை எல்லாம் சாத்தி, மின்விசிறி முழு வேகத்தில். தொலைக்காட்சியில் பாடாங் அணிவகுப்பைப் பார்க்கவில்லை, அதிலும் விமானச் சத்தம் வரும். குளியலறையில் பழைய போர்வை போட்டு, நானும் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நான் ஏதோ வேலையாக இருந்தால் அவளுக்கு நிம்மதி. அவள் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் பதற்றம் கூடுகிறது.

பொங்கோல் தம்பி, உங்களுடையது புதிய வீடு. 1990களின் கடைசியிலிருந்து கட்டிய வீவக வீடுகளில் பாம் ஷெல்டர், அதாவது குண்டுவீச்சின்போது பதுங்கும் அறை, இருக்கும். தடித்த கான்கிரீட் சுவர், ஜன்னல் இல்லை. இடிக்கு அதைவிட நல்ல குகை கிடையாது. அரிசி மூட்டையையும் பெட்டிகளையும் ஒதுக்கி அவனுக்கு ஒரு மூலை கொடுங்கள். கதவை மட்டும் சாத்திவிடாதீர்கள். எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம் என்றால்தான் அது பாதுகாப்பு.

யீஷூன் அக்கா | 18 ஆகஸ்ட் 2025, இரவு 11.40

இதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. "முதலாளி யார் என்று காட்டுங்கள், கழுத்துப் பட்டையை ஒரு சுண்டு சுண்டினால் பயமெல்லாம் போய்விடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, தயவுசெய்து செய்யாதீர்கள்.

2020இல் நானும் ஒரு பயிற்சியாளரை வரவழைத்தேன். சுக்கு அப்போது லிஃப்டில் ஆள் ஏறினால் உறுமுவாள். அவள் உறுமும்போதெல்லாம் அவர் சங்கிலியைச் சுண்டினார். மூன்று வாரத்தில் உறுமல் நின்றது. நானும் பணத்தைக் கொடுத்து நன்றி சொன்னேன். நான்காவது வாரம், லிஃப்டில் ஒரு பையன் சைக்கிளோடு ஏறினான். சுக்கு ஒரு சத்தமும் கொடுக்காமல் திரும்பி, சங்கிலியைப் பிடித்திருந்த என் கையைக் கடித்தாள். இரண்டு தையல்.

கடித்ததற்கு அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. உறுமல் என்பது எச்சரிக்கை. "கிட்டே வராதே, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று அவளுக்குத் தெரிந்த மொழியில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வாயை நாங்கள் அடைத்தோம். பயம் உள்ளேயே இருந்தது, லிஃப்டில் ஆள் ஏறினால் கழுத்தும் வலிக்கும் என்று கூடுதலாக ஒரு பயமும் சேர்ந்தது. சங்கிலியை அன்றே குப்பையில் போட்டேன்.

உங்கள் நாய் உறுமினால் விலகுங்கள், அடுத்த லிஃப்டில் போங்கள். அவ்வளவுதான்.

யீஷூன் அக்கா | 30 ஆகஸ்ட் 2025, மாலை 5.50

லிஃப்ட் பற்றிச் சொன்னேன் இல்லையா, அதில் ஒன்று விட்டுப்போனது.

எங்கள் மாடியில் ஒரு மலாய் மக்சிக் (பெரியம்மா) இருக்கிறார். நாயின் எச்சில் பட்டால் இஸ்லாமிய முறைப்படி கழுவ வேண்டும் என்பதால் சுக்கு இருந்தால் லிஃப்டில் ஏற மாட்டார். நானும் அவரை முதலில் போகச் சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். ஆனால் தினமும் தள்ளி நின்றபடியே, "சுக்கு, ஆப்பா காபார்?" என்று மெல்லிய குரலில் நலம் விசாரிப்பார். கையை நீட்ட மாட்டார், கிட்டே வர மாட்டார், உற்றுப் பார்க்கவும் மாட்டார்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆசையாக ஓடி வந்து தலைக்கு மேல் கையை நீட்டுவார்கள். சுக்கு பின்வாங்குவாள். மக்சிக்கைக் கண்டால் மட்டும் வால் தாழ்வாக, மெதுவாக ஆடும். ஆறு வருடத்தில் ஒரு முறைகூட அவளைத் தொடாத மனிதரைத்தான் எங்கள் புளோக்கிலேயே அதிகம் நம்புகிறாள். பயந்த நாய்க்கு என்ன வேண்டும் என்பதை நான் அவரிடம்தான் கற்றேன். இடைவெளி, மெல்லிய குரல், தினமும் ஒரே மாதிரி.

யீஷூன் அக்கா | 21 செப்டம்பர் 2025, மாலை 4.30

ஜூலையில் எழுதியதை முழுமையாக்க வேண்டும். எல்லாவற்றையும் பயிற்சியால் சரிசெய்யலாம் என்பதுபோல் எழுதிவிட்டேன். அது போதாது.

மூன்று வாரமாகச் சுக்கு மறுபடி மோசமானாள். மேல்மாடியில் சீரமைப்பு வேலை. லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள், துளையிடுவதும் இடிப்பதும் வார நாட்களில் மட்டும்தான், அது விதிப்படிதான் நடந்தது. ஆனால் முன்பு துளையிடும் சத்தத்துக்கு அவள் இவ்வளவு நடுங்கியதில்லை. விலங்கு மருத்துவர் சத்தத்தைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. சோபாவில் ஏறுகிறாளா, படியில் தயங்குகிறாளா என்று கேட்டார். யோசித்தால், இரண்டு மாதமாகச் சோபாவில் ஏறவே இல்லை. எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டில் தேய்மானம்.

2018இல் வந்த ஓர் ஆய்வைப் பற்றி அவர் சொன்னார். சத்தத்துக்குப் பயப்படும் நாய்களில் உடம்பு வலி இருந்தவற்றையும் இல்லாதவற்றையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். வலி உள்ளவற்றுக்கு இந்தப் பயம் வயதான பிறகுதான் தொடங்கியிருந்தது. திடுக்கிட்டு உடம்பு விறைக்கும்போது வலிக்கும், சத்தம் வந்தால் வலிக்கும் என்று மனதில் பதிந்துவிடும் என்பது அவர்கள் தரும் விளக்கம். ஏழு வயதில் திடீரென்று பயம் கூடினால் முதலில் உடம்பைப் பாருங்கள். வலி மருந்து தொடங்கிப் பத்து நாளில் துளையிடும் சத்தத்துக்கு எழுந்து போகிறாள், நடுங்கவில்லை.

பயத்துக்கான மருந்து பற்றியும் கேட்டார்கள். நாய்க்கு எதற்கு மனநோய் மாத்திரை என்று என் மாமியார்கூட வருத்தப்பட்டார். தனியாக விட்டுப்போனால் பதறும் நாய்களுக்காக அமெரிக்காவில் குளோமிப்ரமைனை 1998லும் ஃபுளூவாக்ஸெடினை 2007லும் அங்கீகரித்தார்கள். சத்தத்தால் வரும் பயத்துக்கு ஈறில் தடவும் டெக்ஸ்மெடிடோமிடின் ஜெல் 2015இல் வந்தது. இது கடைசிப் புகலிடமும் இல்லை, தோல்வியும் இல்லை. சாப்பிடக்கூட முடியாத பயத்தில் இருக்கும் நாய் எதையும் கற்க முடியாது, அதைக் கற்கும் நிலைக்குக் கொண்டுவர மருந்து உதவும்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. ஏசப்ரொமசின் என்ற பழைய மயக்க மாத்திரை. சில வருடம் முன்பு ஒரு மருந்தகத்தில் சுக்குக்குக் கொடுத்தார்கள். உடம்பு அசையாமல் கிடந்தது, கண் மட்டும் அகல விரிந்து இடி வரும் பக்கம் திரும்பியது. அதைத் தனியாகக் கொடுத்தால் உடல்தான் அடங்கும், பயம் அடங்காது. அந்த ஒரு மணி நேரத்துக்காக அவளிடம் இன்றும் மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் மாத்திரையையோ பக்கத்து வீட்டு நாயின் மாத்திரையையோ கொடுத்துவிடாதீர்கள். மருத்துவர் எடை பார்த்து எழுதித் தர வேண்டும்.

யீஷூன் அக்கா | 21 அக்டோபர் 2025, காலை 10.15

தீபாவளிக்கு இங்கே வெடிச் சத்தத் தொல்லை கிடையாது, 1972 முதல் பட்டாசுக்குத் தடை. மத்தாப்போடு சரி. அதனால் நாய்க்குக் கஷ்டம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நேற்று எங்கள் வீட்டில் பதினான்கு பேர். அழைப்பு மணி, புது ஆட்கள், ஓடும் பிள்ளைகள், மிக்சி. ஒவ்வொன்றும் தனியாக வந்தால் சுக்கு சமாளிப்பாள், ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்தால் முடியாது. மதியம் தட்டு விழுந்த ஒரு சின்னச் சத்தத்துக்கு ஓடினாள். தட்டில் குற்றமில்லை, காலையிலிருந்து நிரம்பிக்கொண்டே வந்த குடம் அது. அறைக்குக் கூட்டிப்போய் இரண்டு மணி நேரம் விட்டேன். பார்க்கணும் என்று அழுத பிள்ளைகளை மாமியார் முறுக்கு கொடுத்துச் சமாதானப்படுத்தினார். மாத்திரை வேண்டாம் என்ற அதே மாமியார்தான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துகொண்டார்.

தம்பி, மிலோ பாம் ஷெல்டருக்குத் தானாகப் போகிறான் என்று எழுதியிருந்தீர்கள். அப்பாவும் உள்ளே போய் உட்கார்ந்தார் என்றதைப் படித்து மனசு நிறைந்தது.

யீஷூன் அக்கா | 8 நவம்பர் 2025, காலை 6.40

விடியற்காலை நான்கரைக்குச் சுமத்ராப் பக்கமிருந்து காற்றும் மழையும் அடித்துக்கொண்டு வந்தது. நேற்றிரவு துணியை எடுக்க மறந்துவிட்டேன். எழுந்து ஓடிப் போய்க் கம்பை இழுத்தேன், 'கிர்ர்ர்' என்றது, அதே நேரம் பெரிய இடி.

திரும்பினால் சுக்கு குளியலறையில் இல்லை. சமையலறை வாசலில் நிற்கிறாள். காது பின்னால் மடிந்திருந்தது, முன்னங்கால் நடுங்கியது. என் கையைப் பார்த்தாள். கையில் ஈரத் துணிதான் இருந்தது. அதைப் போட்டுவிட்டுக் கோழியை எடுத்தேன், வாங்கிக்கொண்டாள். அடுத்த இடிக்கும் வாங்கினாள். மூன்றாவதற்குக் குளியலறைக்குப் போய்விட்டாள். நானும் முக்காலியோடு பின்னால் போனேன்.

இப்போது மழை விட்டுவிட்டது. அவள் தூங்குகிறாள். தரையில் வாசல் வரை வந்த தடம் இன்னும் முழுதாகக் காயவில்லை.